ஆடுகிறவரே பாடுகிறார்

கட்டைக்கூத்தில் துரியோதனன் வருவதற்கு முன்னால் அவன் குரல் வந்துவிடும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று முதலில் விருத்தம், அப்புறம் தரு என்னும் பாட்டு. கிரீடத்தின் உச்சி மட்டும் திரைக்கு மேலே தெரியும். சலங்கை மண்ணை மிதிக்கும் சத்தம் கேட்கும். கூட்டத்தில் பாதிப் பேர் அப்போதுதான் பாயிலிருந்து எழுந்து உட்காருவார்கள். திரை விலகியபின் முகத்தைப் பார்க்கிறோம். ஆனால் யார் வந்திருக்கிறார், எவ்வளவு ஆங்காரத்தோடு வந்திருக்கிறார் என்பது காதுக்கு முன்பே தெரிந்துவிட்டிருக்கும்.

அந்தக் குரல் எப்படிப்பட்ட உடம்பிலிருந்து வருகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தலையில் கிரீடம், தோள்களில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் பதித்தவை. இந்தக் கட்டைகளை அணியும் வேஷங்களை வைத்துத்தான் கட்டைக்கூத்து என்ற பெயர். இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் பாவாடை, காலில் சலங்கை, முகத்தில் காய்ந்து இறுகிய அரிதாரம். இவ்வளவையும் சுமந்துகொண்டு ஒருவர் திறந்த வெளியில், மேல் ஸ்தாயியில், ஆடிக்கொண்டே பாடுகிறார். உட்கார்ந்து பாடுகிறவருக்கு உடம்பு முழுவதும் பாட்டுக்கு உதவிக்கு வரும். இவருடைய உடம்புக்கு வேறு வேலை இருக்கிறது.

இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கூத்தின் அமைப்பே பிடிபட்டது. நடிகர் ஓர் அடியைப் பாடுவார். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஆர்மோனியமும் முகவீணையும் சுருதியை விடாமல் பிடித்திருக்கும். மிருதங்கமும் டோலக்கும் கைத்தாளமும் வேகம் கூட்டும். அந்த இடைவெளியில்தான் அடவு, அந்த இடைவெளியில்தான் சுழன்றாடும் கிறுக்கி. சுழன்று முடித்து நிற்கிற நொடியில் அடுத்த அடியை எடுக்க மூச்சு இருக்க வேண்டும். பின்பாட்டு என்பது மூச்சுக் கடன். நடிகர் சுழலும்போது அவருக்காக வேறு மூன்று பேர் சுவாசிக்கிறார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் தாளம் ஒரு மாத்திரை பிசகினாலும் நடிகர் மூச்சில்லாத இடத்தில் போய் நிற்பார். நல்ல பின்பாட்டுக்காரருக்கு நடிகரின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தே எப்போது ஓர் அடியைக் கூடுதலாகத் திருப்பிப் பாட வேண்டும் என்று தெரியும்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை இப்படித்தான். மூன்றரை, நான்கு மணி வாக்கில் எல்லாருடைய குரலும் மாறிவிடும். ஈரம் போய், அடியில் ஒரு கரகரப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கர்ண மோட்சத்தில், கர்ணன் போருக்குப் புறப்படும் முன் மனைவி பொன்னுருவியிடம் பேசும் காட்சி இருக்கிறது. எட்டு மணிக் குரலில் அதைப் பாடினால் எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகம். உறக்கம் கெட்ட, உழைத்து வறண்ட குரல்தான் சாகப்போகிறவனின் குரலாகக் காதில் விழுகிறது. வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் இதே கூத்தைக் காரியம் நடக்கும் வீட்டிலும் வைக்கிறார்கள். இறந்தவருக்காக ஊர் இரவெல்லாம் விழித்திருந்து கர்ணன் சாவதைக் கேட்கிறது.

1985இல் பிரான்சின் அவிஞோன் நாடக விழாவில் இயக்குநர் பீட்டர் புரூக் ஒரு கல்குவாரியில் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக நிகழ்த்தினார். உலக நாடக வரலாற்றில் அது பெரிய நிகழ்வு, சந்தேகமில்லை. அதில் நடிகர்கள் பேசினார்கள். இசையை ஜப்பானியக் கலைஞர் தோஷி சுசிதோரியின் குழு பக்கத்தில் அமர்ந்து வாசித்தது. நம்மூர்த் திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவில் பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனனின் மீது படுகளம், மாலையில் தீமிதி. இவை வேறு வேறு கலைகள். இங்கே கதை சொல்பவரின் தொண்டைக்கும் கால்களுக்கும் நடுவில் வேறு ஆள் கிடையாது என்பதைச் சொல்லவே இரண்டையும் சேர்த்து நினைத்தேன்.

பெருங்கட்டூர் பி. ராஜகோபால் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் இவ்வளவும் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் காஞ்சிபுரத்தில் அவரை அறிந்தவர்களும் ‘கூத்துக்காரர்’ என்று மட்டுமே அறிவார்கள். பாடகர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பாலாற்றுக்குத் தெற்கே செய்யாறு வட்டாரத்துப் பெருங்கட்டூர் அவருடைய ஊர். அப்பா பொன்னுசாமி கூத்து நடிகர். ராஜகோபால் பத்து வயதில் வேஷம் கட்டினார், பள்ளிக்கூடம் நின்றுபோனது. 1960களில் அந்தப் பக்கத்தில் கூத்துக்கார வீட்டுப் பையனுக்கு இது நடக்கிற காரியம். இரவெல்லாம் ஆடிவிட்டுக் காலையில் வகுப்பில் உட்கார எந்தப் பிள்ளையாலும் முடியாது. அப்பாவின் பெயரில் அமைந்த பெருங்கட்டூர் பொன்னுசாமி நாடக மன்றத்தை அவர் நடத்தினார், நடித்தார், புதிய கூத்துகள் எழுதினார், பிறகு ஆசிரியரானார். வாழ்க்கை வரலாறு என்று எழுதினால் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. அதற்குள் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்பதுதான் எழுத்தில் வராது.

பையன்கள் கூத்துப் படிப்பது பெஞ்சுக்குப் பின்னால் தூங்கி விழித்துத்தான். அரைத்தூக்கத்தில் காதில் விழுந்த தரு ஒரு பருவத்திற்குள் நாவில் வந்துவிடும். அச்சுப் புத்தகமும் உண்டு. பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்ட மலிவுப் பதிப்புகளில் ஒவ்வொரு தருவின் தலையிலும் ராகம், தாளம் போட்டிருக்கும். ஆனால் அந்த ராகத்தைக் கூத்தில் எந்த உயரத்தில் எடுப்பது, எந்த இடத்தில் உதறுவது, வசனத்திலிருந்து விருத்தத்துக்கு எப்படி நழுவுவது என்பதெல்லாம் பெரியவர் பாடக் கேட்டு வருவது. பிறகு பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும். குரல் உடைந்து, பழைய உயரம் போய், புதியது இன்னும் வராமல் நடுவில் நிற்கும் காலம். பாடாத நடிகனுக்கு அது வளர்ச்சி. பாடும் நடிகனுக்கு அது பிழைப்பே ஊசலாடும் நேரம்.

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளிலும் இந்த அச்சம் இருந்தது. மகரக்கட்டில் தப்பியவர்கள் ராஜபார்ட்டானார்கள், தப்பாதவர்கள் ஆர்மோனியத்துக்கோ திரை இழுக்கவோ போனார்கள். எஸ்.ஜி. கிட்டப்பா அதையெல்லாம் தாண்டி வந்த குரல். 1906இல் பிறந்து 1933இல் மறைந்துவிட்டார், இருபத்தேழு வயது. ஒலிபெருக்கி வராத கொட்டகைகளில் கடைசி வரிசைவரை கேட்டது என்பார்கள். அவரோடு பாடிய கே.பி. சுந்தராம்பாள் 1980வரை இருந்தார். ஆண் வேடத்தில் மேடையேறிய அவர், 1935இல் சினிமாவிலும் நந்தனாராகவே நடித்தார். இவர்களிடம் நடிப்பு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்று பிரித்துக் காட்ட முடியாது. தமிழ் மேடை இவர்களைத்தான் நடிகர் என்று அழைத்தது.

பிரிந்தது சினிமாவில். 1938இல் வந்த ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். ஒரு முகத்துக்கு வேறொரு குரல் பொருந்தும் என்று தெரிந்ததும் மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசன் வாயசைக்க சி.எஸ். ஜெயராமன் பாடினார். அந்தச் சிவாஜி என்ற பெயரோ காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளையான அண்ணா எழுதிய நாடகத்தில் வி.சி. கணேசன் சத்ரபதியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் கொடுத்தது. அதே அண்ணா ‘வேலைக்காரி’யையும் ‘ஓர் இரவை’யும் கே.ஆர். ராமசாமியின் குழுவுக்காக எழுதினார். ராமசாமி தானே பாடி நடித்தவர். அவருக்குக் கிடைத்த பட்டம் ‘நடிப்பிசைப் புலவர்’. அப்படி ஒரு பட்டம் அதன்பின் தேவைப்படவே இல்லை. பின்னணிப் பாட்டு நமக்குத் தந்த செல்வம் பெரிது, அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் பாடுகிறவர் ஒருவர், நடிக்கிறவர் ஒருவர் என்று இரண்டு தலைமுறை பழகிய காதுக்கு, ஆடி இளைத்த மூச்சோடு வரும் பாட்டு குறையுள்ள பாட்டாகத்தான் கேட்கிறது. சங்கீத சபாவின் காதுக்கும் அப்படித்தான்.

எங்கள் தெருவில் தறி நெய்கிற பெரியவர் ஒருவர், “அது பாட்டு இல்ல தம்பி, கூப்பாடு” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. பெரிய காஞ்சிபுரத்துக்காரருக்குப் பாட்டு என்றால் ஓர் அளவுகோல் உண்டு. நாயனாப் பிள்ளை இருந்த ஊர் இது. 1889 முதல் 1934வரை வாழ்ந்த அவர் பல்லவியும் கணக்குமாகத் தாள வாத்தியங்களின் ஒரு பெரிய வரிசையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடியவர். 1919இல் இங்கே பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்து, பெண்களுக்குப் பல்லவி எதற்கு என்றிருந்த காலத்தில் மேடையேறிப் பல்லவி பாடினார். அந்தப் பெருமை நியாயமானது. நான் சொல்வது, நாயனாப் பிள்ளையின் லயத்தை ரசித்த ஊருக்குக் கூத்தின் லயம் புரியாமல் போக வழியே இல்லை என்பதுதான். கிறுக்கி முடிந்து அடுத்த அடியை எடுப்பு பிசகாமல் பிடிக்கும் நடிகருக்கு எந்தப் பல்லவிக்காரரும் தலையாட்டுவார். கேட்க உட்கார வேண்டும், அவ்வளவே. டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் அப்படி உட்கார்ந்தார்கள், பிறகு கூத்துக் கலைஞர்களோடு ஒரே மேடையில் பாடவும் செய்தார்கள். அந்த நிகழ்ச்சி ஊர் ஊராகப் போனது.

கூப்பாடு என்ற சொல்லை நான் ஏற்றுக்கொள்ளவே தயார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்து ஊரைக் கூத்துக்கு அழைக்கிற வேலையும் ஒருகாலத்தில் இந்தக் குரலுக்கு இருந்தது. இப்போது ஒலிபெருக்கி வந்துவிட்டது. ஆடுகளத்தில் மைக் தொங்குகிற இடத்திற்கு நடிகர் வந்து வந்து பாட வேண்டியிருக்கிறது. வட்டமாகச் சுற்றிய ஆட்டம் மைக்கை நோக்கிய கோடாகச் சுருங்குகிறது. ஸ்பீக்கரை அலற வைக்கிறார்கள் ஏற்பாடு செய்பவர்கள், குறை கூத்துப் பாட்டின் பேரில் விழுகிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க அலைவதும் சேர்ந்துகொண்டது. ஒலிபெருக்கியே இல்லாமல் இரவெல்லாம் பாடத் தெரிந்த கலைக்கு இப்படியொரு தடை வந்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1990இல் ராஜகோபாலும் மற்றக் கூத்துக்காரர்களும் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தெருக்கூத்து என்றே எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கள் கலையைத் தாங்கள் அழைக்கும் பெயரை அவர்கள் முன்வைத்தார்கள். அவருடைய மனைவி ஹன்னே டி புரூயின் நெதர்லாந்துக்காரர், லெய்டனில் படித்தவர். கர்ண மோட்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1998இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு கட்டைக்கூத்தின் நெகிழ்வைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. செய்யாறு பக்கத்திலேயே புரிசையில் கண்ணப்ப தம்பிரானின் பரம்பரை இருந்தது. அவர்களுக்கு நாடக ஆசிரியர் ந. முத்துசாமியும் அவருடைய கூத்துப்பட்டறைக் குழுவும் சென்னையின் கதவைத் திறந்துவிட்டார்கள். ராஜகோபால் அந்த வழியில் போகவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்.

அந்தக் குருகுலம் 2002இல் புஞ்சரசந்தாங்கலில் ஆரம்பித்தது. ஐயங்கார்குளம் அஞ்சல். சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் நடவாவிக் கிணற்றில் இறங்கும் அதே ஐயங்கார்குளம். வருஷா வருஷம் பெருமாளின் பின்னால் அந்தச் சாலையில் போன காஞ்சிபுரத்துக்காரர்களில் எத்தனை பேர் பக்கத்தில் பிள்ளைகள் துரியோதனன் தருவைப் பாடிப் பழகுவதைக் கேட்டிருப்பார்கள்? பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்த பள்ளி அது. பள்ளிப் பாடமும் இருந்தது, கூத்தும் இருந்தது. தன் கையிலிருந்து நழுவிய பள்ளிக்கூடத்தை அடுத்த பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் வேஷத்தைக் கொடுத்தார். இந்த ஒரு முடிவுக்காகவே அவரை நான் பெரிய மனிதராக நினைக்கிறேன். கலை அழிகிறது என்று புலம்புகிறவர்கள், அந்தக் கலைக்காக ஒரு பிள்ளையின் படிப்பு போனால் போகட்டும் என்று மனத்துக்குள் நினைத்துக்கொள்வது உண்டு. படிப்பைக் கொடுத்துப் பெற்ற கூத்தை அவர் அடுத்தவரிடம் கேட்கவில்லை.

பெண் பிள்ளைகளையும் சேர்த்தார். கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த இடத்தில் இது சின்ன மாற்றமல்ல. திரௌபதியை மட்டும் அவர்களுக்கு ஒதுக்கி வைக்கவில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ராஜ வேஷத்திலும் நின்றார்கள். குரலைப் பொறுத்தவரை அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆண்கள் நெஞ்சைப் பிழிந்து எட்டுகிற உயரம் பல பெண்களுக்குச் சாதாரணமாக நிற்கிற இடம். மகரக்கட்டுப் பயமும் அந்த அளவுக்கு இல்லை. தடை வேறு இடத்தில் இருந்தது. இரவுப் பயணம், ஊர் ஊராகத் தங்கல், கல்யாணம், மாமியார் வீடு என்ன சொல்லும் என்ற கேள்வி. குரல் தயார், உடம்பு தயார், வேன் ஏற அனுமதி இல்லை. பட்டம்மாள் காலத்தில் கச்சேரி மேடைக்கு இருந்த அதே தடைதான். கச்சேரி இரவு ஒன்பது மணிக்குள் முடிந்து வீடு திரும்பலாம். கூத்துக்குப் போன பெண் விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் திரும்ப முடியும். இதையெல்லாம் மீறிச் சிலர் இன்றும் ஆடுகிறார்கள் என்பது என்னை அசைக்கிறது.

குருகுலம் 2020இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டு நடந்த பள்ளி. பாரதப்போரும் பதினெட்டு நாள் என்று இதைப் பற்றிப் பேசியவர் ஒருவர் சொன்னார், எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. பள்ளி தோற்றுப் போகவில்லை. அங்கே பாடிய பிள்ளைகள் இன்று குழுக்களில் இருக்கிறார்கள், பங்குனி தொடங்கி ஆடிவரை தாம்பூலம் வாங்கி ஆடுகிறார்கள். இருந்தாலும் ஓர் ஆசிரியர் நாள்தோறும் பக்கத்தில் நின்று, ‘அங்கே மூச்சை விடாதே, பின்பாட்டு வாங்கட்டும்’ என்று சொல்லிக்கொடுத்த இடம் இல்லாமல் போனதை ஈடுகட்ட முடியாது. பெஞ்சுக்குப் பின்னால் தூங்கிப் படிக்கும் பிள்ளைகளின் காலம் போய்விட்டது, போகவும் வேண்டியதுதான். அதற்குப் பதிலாக வந்த ஒன்றும் போய்விட்டது.

முகவீணை வாசிக்கிறவர்களும் அருகிவிட்டார்கள். பல குழுக்களில் ஆர்மோனியம் மட்டுமே. நடிகருக்கு இணையாக அவர் குரலின் மேல் ஏறி நடக்கும் அந்தச் சிறிய நாதசுவரம் போனால், பாடுகிறவர் உயரத்தில் தனியாக நிற்பார். அந்தத் தனிமையில் சுருதியை இறக்கத்தான் தோன்றும். சுருதி இறங்கினால் ஆட்டத்தின் வேகமும் இறங்கும். இந்தக் கலையில் ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும்.

காஞ்சிபுரத்தில் சங்கீதத்துக்குச் செலவிட ஆட்களும் இருக்கிறார்கள், மண்டபங்களும் இருக்கின்றன. ஒரு மாலையைக் கூத்துப் பாட்டுக்கென்று ஒதுக்கினால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேஷத்தோடு வேண்டாம், அரை மணி நேரத் துண்டுக் காட்சியும் வேண்டாம். அழைப்பிதழில் பாடகரின் பெயரைப் பாடகர் என்றே போட வேண்டும். அதைவிட அவசரமானது பதிவு. ஒரே தருவைப் பெருங்கட்டூர்க்காரர் ஒருவிதமாகவும் புரிசைக்காரர் ஒருவிதமாகவும் தென்னார்க்காட்டுப் பாணிக்காரர் வேறுவிதமாகவும் எடுப்பார். இவற்றை அடுத்தடுத்து வைத்துக் கேட்கிற மாதிரி, படத்துக்காக வெட்டாமல், முழு இரவையும் ஒலியாகவே பதிய வேண்டும். கருவியை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துப் பயனில்லை. பின்பாட்டுப் பெஞ்சுக்குப் பக்கத்தில், சலங்கையும் மூச்சும் விழுகிற தூரத்தில் வைக்க வேண்டும். பங்குனியில் பாரதம் தொடங்கிவிடும். அதற்குள் இரண்டு மூன்று குழுக்களிடம் பேசிவிட்டால் வருகிற பருவத்திலேயே ஆரம்பிக்கலாம்.